வீட்டு வேலைக்கு நடுவே கிராலர்: அரை மணி நேரத்தைக் கெடுக்கும் தவறுகள்

வாஷிங் மெஷினில் துணி சுற்றும் நாற்பது நிமிடம், குழந்தை தூங்கும் ஒரு மணி நேரம், சமையல் முடிந்து சாப்பாட்டுக்கு முன் கிடைக்கும் சின்ன இடைவெளி. ரிமோட் ராக் கிராலர், அதாவது ரிமோட்டில் இயக்கிப் பாறைமேல் மெதுவாக ஏற்றும் மாதிரி வண்டி, வைத்திருக்கும் பலருக்கு வண்டியைத் தொடக் கிடைப்பது இவ்வளவுதான். அதற்குக் கிராலரைப் போலத் தோதான வண்டி வேறு கிடையாது. நடைவேகத்தில் போகும், மைதானம் கேட்காது, நாலு கல்லும் ஒரு மரவேரும் இருந்தால் போதும். வண்டி பழுதாவதற்குப் பாறையைக் காரணம் சொல்வார்கள். கவனித்துப் பார்த்தால், அவசரமாகக் கிளம்பிய ஐந்து நிமிடத்திலும் அவசரமாகத் திரும்பிய பத்து நிமிடத்திலும்தான் பாதிப் பழுது தொடங்கியிருக்கும்.

நாற்பது நிமிடமும் ஓட்டத்துக்கே என்று நினைப்பது

நாற்பது நிமிடம் இருந்தால், ஐந்து நிமிடம் சரிபார்க்க, இருபத்தைந்து நிமிடம் ஓட்ட, பத்து நிமிடம் துடைத்து எடுத்துவைக்க என்று பிரித்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் கை வைத்தால் அடுத்த முறை ஓட்ட நேரமே இருக்காது; காய்ந்த சேற்றைச் சுரண்டவும் இறுகிய பேரிங்கைக் கழற்றவுமே சரியாகப் போய்விடும். போனில் அலாரம் வைக்கும்போது, கடைசிப் பாறையை விட்டு இறங்கவேண்டிய நேரத்துக்கு வையுங்கள். வீட்டு வாசலில் நிற்கவேண்டிய நேரத்துக்கு வைத்தால் பயனில்லை. "இந்த ஒரு ஏற்றம் மட்டும்" என்று தொடங்கினால் கிராலர் பத்து நிமிடத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அடுப்பில் எதையும் வைத்துவிட்டு வெளியே இறங்க வேண்டாம், சிறு தீயில்கூட.

பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்துவிடுவது

எல்லாத் தவறுகளிலும் ஆபத்தானது இதுதான். வண்டி கெட்டால் உதிரி வாங்கலாம். லைபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி தீப்பிடித்தால் வீடே போகும். வேலை பார்த்துக்கொண்டே சார்ஜ் ஏறட்டும் என்று படுக்கையறையில் மெத்தைமேல் போட்டுவிட்டு, மாடியில் துணி காயப்போடப் போவதுதான் வழக்கமாக நடப்பது. நீங்கள் இருக்கும் அறையிலேயே, கண்ணில் படும் இடத்தில், டைல்ஸ் அல்லது கல் மேடை மீது, சுற்றிலும் துணியோ காகிதமோ இல்லாமல் வைத்துச் சார்ஜ் செய்யுங்கள். பாத்திரம் கழுவும் நேரம் இதற்கு நல்ல நேரம்: இருபது முப்பது நிமிடம் ஒரே இடத்தில் நிற்பீர்கள், பார்வையும் போகும். தண்ணீர் தெறிக்காத தூரத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். அறையை விட்டு வெளியே போகவேண்டி வந்தால் சார்ஜரை நிறுத்திவிட்டுப் போங்கள். பாதியில் நிறுத்துவதால் லைபோவுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை.

சார்ஜ் வேகத்தை 1சி, அதாவது பேட்டரியின் கொள்ளளவுக்குச் சமமான ஆம்பியர், என்று வைத்துக்கொள்ளுங்கள். 5000 எம்ஏஎச் பேட்டரிக்கு 5 ஆம்பியர், 1:24 அளவுள்ள (நிஜ வண்டியில் 24-இல் ஒரு பங்கு) குட்டி வண்டியின் 350 எம்ஏஎச் பேட்டரிக்கு 0.35 ஆம்பியர். முழு வோல்டேஜ் ஒரு செல்லுக்கு 4.2, அதாவது இரண்டு செல் உள்ள 2எஸ் பேட்டரிக்கு 8.4, மூன்று செல் உள்ள 3எஸ் பேட்டரிக்கு 12.6. தடித்த ஒயரோடு ஒவ்வொரு செல்லையும் தனியாகக் கவனிக்கும் வெள்ளை பேலன்ஸ் ஒயரையும் எப்போதும் சேர்த்தே மாட்டுங்கள். அது இல்லாமல் சார்ஜ் ஏற்றினால் ஒரு செல் 4.1-இல் நிற்க, இன்னொன்று 4.3 வரை ஏறிவிடும். மொத்தக் கணக்கு மட்டும் சரியாகத் தெரியும். செல்களுக்கு இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். உப்பியது, உறை கிழிந்தது, இனிப்பான கரைப்பான் வாடை அடிப்பது, இவற்றில் எதையும் மறுபடி சார்ஜில் போடக் கூடாது. வீட்டுக்குப்பையில் போடாமல் பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

எப்போது கூப்பிட்டாலும் கிளம்பத் தயாராக இருக்கவேண்டும் என்று முழுச் சார்ஜில் வாரக்கணக்கில் வைத்திருப்பது இன்னொரு பழக்கம். வேலைக்கு நடுவே ஓட்டுபவர்களுக்குத்தான் இது அதிகம், ஏனென்றால் அடுத்த இடைவெளி எப்போது வரும் என்று தெரியாது. லைபோ 4.2 வோல்ட்டில் நாள்கணக்கில் உட்கார்ந்தால் உள்ளே வாயு சேர்ந்து உப்பும், தாங்கும் திறன் குறையும். இரண்டு மூன்று நாளுக்குள் ஓட்டப்போவதில்லை என்றால் சார்ஜரின் ஸ்டோரேஜ் மோடில் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள். அங்கிருந்து முழுச் சார்ஜுக்கு 1சி வேகத்தில் சுமார் முக்கால் மணி நேரம் போதும். காலை வேலையோடு சார்ஜ், மாலையில் ஓட்டம் என்று எளிதாகப் பொருத்திக்கொள்ளலாம்.

வந்தவுடன் சூடான பேட்டரியைச் சார்ஜில் மாட்டுவதும் கூடாது. ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறவும் பொறுக்க வேண்டும். கையில் பிடித்தால் அறைச் சூடு மட்டும் தெரியவேண்டும், அதற்கு அரை மணி நேரம் விடுங்கள்.

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி எந்த பேட்டரிக்கு அமைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் லைபோவை மாட்டுவது பலர் செய்யும் தவறு. சில ஈஎஸ்சிகளில் சின்ன ஜம்பர் (இடம் மாற்றிச் செருகும் துண்டு) இருக்கும், சிலவற்றில் பட்டனும் விளக்கு நிறமும். அது நிக்கல் பேட்டரிக்கான அமைப்பில் இருந்தால் குறைந்த வோல்டேஜில் வண்டி தானாக நிற்காது. செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போய், பேட்டரி ஒரே ஓட்டத்தில் பாழாகிவிடும். கிராலர் மெதுவாக ஓடுவதால் வேகம் குறைவதை வைத்து இதைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். பேலன்ஸ் ஒயரில் செருகும் சின்ன வோல்டேஜ் அலாரம் ஒன்றை 3.4-இல் வைத்துக்கொண்டால் காது சொல்லிவிடும்.

நட்டுகளைத் தொட்டுப் பார்க்காமல் கிளம்புவது

1:10 வண்டிகளில் பெரும்பாலும் சக்கர நட்டு எம்4, அதற்கு 7 மில்லிமீட்டர் நட் டிரைவர். நாலு நட்டையும் ஒரு சுற்று தொட்டுப் பாருங்கள். நட்டு தளர்ந்து ஓடினால் 12 மில்லிமீட்டர் ஹெக்ஸ் (தண்டில் மாட்டிய அறுகோணத் துண்டு) சக்கரத்தின் உட்பள்ளத்தை உருட்டித் தேய்த்துவிடும். பிறகு நட்டை எவ்வளவு முறுக்கினாலும் சக்கரம் ஆடும். அடுத்தது டிரைவ் ஷாஃப்டில் (சுழற்சியை ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் தண்டில்) உள்ள கிரப் ஸ்க்ரூ, அதாவது தலையில்லாத ஸ்க்ரூ. மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, வண்டி நகரவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் கழன்றிருக்கும். அந்த ஸ்க்ரூ தண்டின் தட்டையான பக்கத்தில் உட்காரவேண்டும். ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் நீல நிறத் திரெட் லாக்கர் ஒரு துளி போதும். உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் மட்டும் அதைப் போடுங்கள். பிளாஸ்டிக்கில் பட்டால் பிளாஸ்டிக் வெடித்துவிடும்.

மோட்டார் தண்டிலுள்ள சின்னப் பல்சக்கரமான பினியனை மாற்றியவர்கள், அது சுற்றும் பெரிய ஸ்பர் கியரோடு அதன் இடைவெளியைக் கண்ணால் மதிப்பிட்டு விட்டுவிடுகிறார்கள். சாதாரணக் காகிதத்தில் ஒரு சின்னக் கீற்றை வெட்டி இரண்டு பல்சக்கரங்களுக்கும் இடையே வைத்து, மோட்டாரை அழுத்திப் பிடித்து ஸ்க்ரூவை முறுக்குங்கள். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிக் காகிதத்தை வெளியே எடுங்கள். காகிதத்தில் வரிசையாக மடிப்பு விழுந்திருக்க வேண்டும். கிழிந்திருந்தால் ரொம்ப இறுக்கம், மடிப்பே சரியாக விழவில்லை என்றால் தளர்வு. இறுக்கமாக இருந்தால் மோட்டார் சுடும், தளர்வாக இருந்தால் ஸ்பரின் பல் சீவும். கியர் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டாதீர்கள். பட்டாணி அளவுகூட வேண்டாம், ஒரு கடுகளவு கல் நுழைந்தால் போதும்.

ஸ்டீயரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டாரான சர்வோவைக் கேட்டுப் பாருங்கள். வண்டியைத் தூக்கிப் பிடித்து ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்புங்கள். சக்கரம் நின்ற பிறகும் சர்வோ 'ம்ம்ம்' என்று முனகினால், அது போகமுடியாத இடத்துக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது. டிரான்ஸ்மிட்டரில் (கையிலிருக்கும் ரிமோட்டில்) எண்ட் பாயிண்ட் அமைப்பை, அதாவது சர்வோ திரும்பும் எல்லையை, அந்தப் பக்கத்துக்கு முனகல் நிற்கும்வரை குறையுங்கள். பிறகு மறுபக்கம். இதைச் செய்யாமல் விட்டால் சர்வோ எரியும். அல்லது அது இழுக்கும் கரண்டை ஈஎஸ்சியின் பிஇசி (சர்வோவுக்கும் ரிசீவருக்கும் மின்சாரம் தரும் பகுதி) தாங்காமல், பாறை நடுவில் வண்டி ஒரு விநாடி செத்துப் பிழைக்கும். பலம் கூடிய சர்வோ மாட்டியவர்கள் தனி பிஇசி போடவேண்டியதும் இதனால்தான்.

முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு வண்டி. அணைக்கும்போது முதலில் வண்டி, பிறகு டிரான்ஸ்மிட்டர். இதில் அவசரமே கூடாது.

பாறையில் திராட்டிலைப் பிடித்துக்கொண்டே இருப்பது

சக்கரம் சுற்றாமல் நிற்கும்போது திராட்டிலை (ரிமோட்டிலுள்ள வேக விசையை) அழுத்திப் பிடித்தால் மோட்டார் அதிகபட்ச கரண்டை இழுத்து, அத்தனையையும் சூடாக்கிவிடும். பிரஷ் மோட்டாரில் பிரஷ் நிற்கும் அந்த ஒரே இடத்தில் கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் செப்பு வளையம்) கருகும். இரண்டு விநாடியில் நகரவில்லை என்றால் கையை எடுங்கள். வண்டியின் பாதி நீளம் பின்வாங்கி, மூக்கைக் கொஞ்சம் திருப்பி, வேறு கோணத்தில் ஏறுங்கள். டயரைப் பாறை இடுக்கில் இறக்குவதைவிடப் பாறையின் மேலேயே ஏற்றுவதுதான் நல்லது. இடுக்கில் இறங்கிய சக்கரம் ஸ்டீயரிங்கையும் சேர்த்துச் சிக்கவைக்கும். சிக்கிய சக்கரத்தை சர்வோவால் நெம்ப முயல வேண்டாம்.

அதேபோல, காற்றில் வேகமாகச் சுற்றும் சக்கரம் திடீரென்று பாறையைக் கவ்வினால் ஆக்ஸில் தண்டு அல்லது டிரைவ் ஷாஃப்ட் முறியும். வேகத்தை நம்பி ஏறும் ஏற்றம் கிராலருக்கான ஏற்றமே இல்லை.

சரிவில் பக்கவாட்டில் சாயத் தொடங்கினால் பலரும் மேட்டுப்பக்கம் திருப்புகிறார்கள். கீழ்ப்பக்கச் சக்கரத்தில் இன்னும் பாரம் ஏறி வண்டி உருளும். முன்சக்கரத்தைச் சரிவின் கீழ்நோக்கித் திருப்பி, மெதுவாக ஒரு அடி முன்னே விடுங்கள், நிமிர்ந்துவிடும். செங்குத்தான இறக்கத்தில் திராட்டிலைச் சட்டென்று விடாதீர்கள். டிராக் பிரேக் (திராட்டிலை விட்டதும் தானாகப் பிடிக்கும் பிரேக்) நூறு சதவீதத்தில் இருந்தால் வண்டி மூக்குக்குப்புற விழும். லேசாகப் பிடித்தபடியே இறக்குங்கள். மேட்டில் விட்டால் வண்டி பின்னால் உருள்கிறதா? டிராக் பிரேக் குறைவாக இருக்கலாம், அல்லது திராட்டில் டிரிம் (நடுநிலையைச் சரிசெய்யும் அமைப்பு) நடுவிலிருந்து விலகியிருக்கலாம். முதலில் டிரிம்மைப் பாருங்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மோட்டாரைத் தொடுங்கள். மூன்று விநாடி விரல் வைக்க முடியவில்லை என்றால் நிறுத்தி ஆறவிடுங்கள். அடிக்கடி அப்படி ஆனால் பினியனில் ஒன்றிரண்டு பல் குறைவானதற்கு மாறுங்கள். 2எஸ்ஸில் சரியாக ஓடிய அமைப்பை அப்படியே 3எஸ்ஸுக்கு ஏற்றியவர்களுக்கு இது கட்டாயம் வரும்.

எடையை மேலே ஏற்றுவது

கூரையில் ரேக், அதன்மேல் குட்டிப் பெட்டி, ஸ்பேர் டயர், விளக்குப் பட்டை. பார்க்க அழகுதான். ஆனால் ஒவ்வொரு கிராமும் வண்டியைக் குப்புறத் தள்ளும் கையாக மாறும். எடை கீழேயும் முன்பக்கமும் இருக்கவேண்டும். சமையலறைத் தராசிலேயே அளந்துவிடலாம்: முன்சக்கரங்களைத் தராசில் வைத்து, பின்சக்கரங்களுக்குக் கீழே அதே உயரத்துக்குப் புத்தகம் அடுக்குங்கள். மொத்தம் 3000 கிராம் என்றால் முன்னால் 1800 அளவில் இருந்தால் ஏற்றத்தில் மூக்கு தூக்காது. குறைந்தால் பேட்டரியை முன்னே நகர்த்திப் பாருங்கள். பித்தளை எடை வாங்குவது அதற்குப் பிறகு. குட்டி வண்டிகளில் பித்தளையை அள்ளிப் போட்டால் பிளாஸ்டிக் கியரும் சின்ன சர்வோவும் தாங்காது.

வீட்டுக்குள் ஓட்டிவிட்டு முடியை எடுக்காமல் விடுவது

வெளியே போக முடியாத நாளில் தலையணை, புத்தகம், செருப்புப் பெட்டி அடுக்கி 1:24 வண்டியை ஓட்டுவது நல்ல பயிற்சி. ஆனால் வீட்டுத் தரையின் எதிரி தலைமுடி. ஒரு நீளமான முடி ஆக்ஸிலில் சுற்றினால், சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் நடுவே கம்பிபோல இறுகி, பேரிங்கின் மூடியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். வண்டி ஒரு பக்கம் இழுப்பது, பேட்டரி சீக்கிரம் தீர்வது இதன் அறிகுறி. சக்கரத்தைக் கழற்றி, ஹெக்ஸை வெளியே இழுத்து, ஊசிமுனை இடுக்கியால் முடியை எடுங்கள். பிளேடால் அறுத்தால் தண்டின் பக்கத்திலிருக்கும் சீல் கிழியும். வீடு பெருக்கிய பிறகு ஓட்டினாலே பாதித் தொல்லை போய்விடும். கம்பளம் இருந்தால் அதைச் சுருட்டிவிட்டு ஓட்டுங்கள்.

ஈரத்தோடு பெட்டியில் வைப்பது

'வாட்டர்புரூஃப்' என்ற எழுத்து ஈஎஸ்சிக்கும் ரிசீவர் பெட்டிக்கும்தான். பேரிங்குக்கும் மோட்டாருக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. தண்ணீரில் இறங்கி வந்த வண்டியை மூடிய பெட்டியில் வைத்தால் இரண்டே நாளில் பேரிங்கில் துரு ஏறும். கடல்நீரில் இறக்கவே வேண்டாம்.

சேற்றைச் சமையலறைத் தொட்டியில் கழுவினால் குழாய் அடைக்கும். பாதி வாளித் தண்ணீரும் பழைய டூத்பிரஷும் போதும். பேட்டரியை வெளியே எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். பீய்ச்சி அடிக்கும் குழாய் கூடாது, அழுத்தம் சீலைத் தாண்டி மண்ணை உள்ளே தள்ளும். டயரை விரலால் அமுக்கிப் பாருங்கள்: காற்றுத் துளை வழியாக உள்ளே போன தண்ணீர் ஃபோமில் தங்கியிருந்தால் சொளசொளவென்று கேட்கும். பிழிந்து, துளை கீழே பார்க்கும்படி நிறுத்தினால் வடியும். ஈரம் விரட்டும் ஸ்ப்ரே அடிப்பவர்கள் அதோடு நிறுத்திவிடுவதால் பேரிங்கில் இருந்த எண்ணெயும் போய்விடுகிறது. காய்ந்ததும் ஒவ்வொரு பேரிங்குக்கும் ஒரு துளி லேசான எண்ணெய் விட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். மோட்டாரின் தண்டு முனைக்கு அரைத் துளி. பிரஷ் பக்கம் எண்ணெய் படக் கூடாது.

துணி காயப்போடப் போகும்போது வண்டியையும் பாடியைக் கழற்றி நிழலில் காற்றுப்படும் இடத்தில் வைத்துவிடுங்கள். துணி மடித்து எடுக்கும் நேரத்துக்கு அதுவும் காய்ந்திருக்கும். பேட்டரி ஆறியிருக்கும், அதை ஸ்டோரேஜ் மோடில் மாட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து துணி மடிக்கலாம்.