குஞ்சு ஒதுங்கி நின்றால் உடனே கவனியுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பின்கட்டில் நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்ப்பவர்களுக்குச் சொல்கிறேன். குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கி நின்றால், மருந்து தேடுவதற்கு முன்னால் அதைத் தனியாகப் பிரித்து, பல்பு போட்டுச் சூடு கொடுங்கள். முதல் வாரத்தில் சுமார் 35 டிகிரி வேண்டும், அப்புறம் வாராவாரம் 3 டிகிரி குறைக்கலாம்; பல்புக்கடியில் நெருக்கியடித்தால் குளிர், விலகிப்போய் வாயைப் பிளந்தால் சூடு அதிகம் (நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பகலில் பல்பே தேவைப்படாது).

அடுத்து எச்சத்தைப் பாருங்கள். ரத்தம் கலந்திருந்தால் பெரும்பாலும் ரத்தக்கழிச்சல்தான், 3 முதல் 6 வாரக் குஞ்சுகளை அதிகம் தாக்கும், அதிலும் ஐப்பசி மழையில் உமி நனைந்து கிடந்தால் கேட்கவே வேண்டாம். ஈர உமியை அன்றைக்கே அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் பரப்புங்கள். எச்சத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். குடிதண்ணீரில் கலக்க ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைக் கொடுப்பார்கள், அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து கழுத்தும் முறுக்கிக்கொண்டால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது, அதனால் குஞ்சு பொரித்த ஏழாம் நாள் வாக்கில் கண்ணில் விடும் தடுப்பு மருந்துச் சொட்டைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். செத்த குஞ்சை ஊருணிப் பக்கம் எறியாமல், சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள்.