மரவாள் வாங்கினாலும் சரி செஞ்சாலும் சரி, முதல்ல ரேகையப் பாருங்க

சிலம்பம் கிளாஸ்ல வாள் வீச்சு கத்துக்கிறவங்க, ஐகிடோ, கெண்டோன்னு ஜப்பான் தற்காப்புக் கலை கத்துக்கப் போறவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது "எந்த மரம்ங்க நல்லது"ன்னுதான். மரத்தோட பேரை விட அதுல ரேகை, அதாவது மரத்தோட நார்க் கோடு, எப்படி ஓடுதுங்கறதுதான் முக்கியம்ங்க. நல்ல வேங்கையாவே இருந்தாலும் ரேகை சாஞ்சு ஓடிச்சுன்னா மோதற வேகத்துல முறிஞ்சிரும், முறிஞ்ச துண்டு எதிர்ல நிக்கற பையன் கண்ணுக்குத்தான் போகும், அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

கட்டையைக் கையில எடுத்து நாலு பக்கமும் திருப்பிப் பாருங்க. ஒரு முனையில ஆரம்பிக்கற கோடு மறு முனை வரைக்கும் போகணும், நடுவுலயே சாஞ்சு விளிம்புல போய் முடிஞ்சுட்டா அந்த எடத்துலதான் முறியும். அகலப் பக்கம் மட்டும் பாத்துட்டு திருப்தி ஆயிராதீங்க, அது அழகா நேரா இருக்கும், கனப் பக்கம் திருப்பினா சாஞ்சு ஓடியிருக்கும். கணு உள்ள கட்டை வேண்டவே வேண்டாம், அதுவும் கைப்பிடி முடியற எடத்துலயோ அடி விழற நுனிப் பக்கத்துலயோ கணு இருந்தா ஆசாரி எவ்வளவு சொன்னாலும் வாங்காதீங்க. வெளிச்சுத்து வெள்ளைக்கட்டை வேண்டாம், வைரம் பாஞ்ச பகுதியாக் கேளுங்க.

சரி, மரம். ஜப்பான்ல மியாசாகி பக்கம் மியாகோனோஜோங்கற ஊர்ல மரவாள் செய்யறதே பெரிய தொழில், அங்க பெரும்பாலும் வெள்ளை ஓக், சிவப்பு ஓக்ல செய்யறாங்க. நம்மூர்ல ஏற்காடு எஸ்டேட்ல காபிக்கு நிழலா வெச்சு மிளகு ஏத்தி விடற சில்வர் ஓக் இருக்கே, அதுவும் அதுவும் ஒண்ணுன்னு நெறைய பேர் நெனைச்சுக்கறாங்க. கிடையாதுங்க, சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த வேற குடும்பத்து மரம், எடை கம்மி, சீக்கிரம் பள்ளம் விழும். தனியா வீசிப் பழக சின்னப் பசங்களுக்கு ஓகே, கட்டையும் கட்டையும் மோதற பயிற்சிக்கு ஆகாது. அதுக்கு வேங்கை, கருவேலம், புளி, வெக்காலி இதுல எது நல்ல ரேகையோட கெடைக்குதோ அத எடுங்க. வெக்காலி வண்டி அச்சுக்கும் கோடாலிக் காம்புக்கும் போட்ட மரம், அடி தாங்கும். தேக்கு சீக்கிரம் வளையாது, ஆனா ஓங்கி மோதினா ரேகையோட பிளக்கும். தைல மரமும் சவுக்கும் காயக் காய முறுக்கிக்கிட்டு வெடிக்கும், விட்டுருங்க. சேர்வராயன் மலை ரிசர்வ் காட்டுல ஒரு கொம்பு கூட வெட்டக் கூடாது, அது கேஸாகும். பழைய வீடு இடிக்கற எடத்துல கெடைக்கற நிலை, உத்திரம் பல வருஷம் காஞ்ச கட்டை, அருமையா இருக்கும், அறுக்கறதுக்கு முன்னாடி காந்தம் வெச்சு ஆணி இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க.

காயாத கட்டையில கை வைக்காதீங்க. ஒரு இன்ச் கனத்துக்கு ஒரு வருஷம்னு பொதுவா சொல்லுவாங்க. நேர் வெயில்ல போடாம நிழல்ல காத்து போற எடத்துல வெச்சு ரெண்டு முனையிலயும் மெழுகோ பெயிண்டோ அடிச்சிருங்க, இல்லேன்னா முனை வெடிச்சிரும். வாரம் ஒருதடவை கிச்சன் தராசுல எடை போடுங்க, எடை குறையறது நின்னா காஞ்சிருச்சு. இதுல சேலத்துக்காரங்களுக்குன்னு ஒரு விஷயம் இருக்கு, கீழ ஏப்ரல் மே வெயில்ல காஞ்ச கட்டை இருபது கொண்டை ஊசி ஏறி ஏற்காடு பனிக்குப் போனா ஈரத்தைக் குடிச்சு உப்பும், மறுபடி கீழ வந்தா சுருங்கும், இப்படி மாறி மாறி நடந்தா வளையும். அதனால எந்த ஊர்ல பயிற்சியோ அந்த ஊர்ல சில வாரம் வெச்சிருந்துட்டு அப்புறம் செதுக்குங்க.

பெரியவங்களுக்கு நீளம் 102 சென்டிமீட்டர், அதுல கைப்பிடி 25 மாதிரி, எடை 500லருந்து 600 கிராம். இத விடக் கனமா கேக்கற பசங்களுக்கு நான் சொல்றது, தோளும் மணிக்கட்டும் பழகற வரைக்கும் வேண்டாம். குழந்தைகளுக்கு தரையில நட்டு வெச்சா இடுப்பு உயரம் வர்ற மாதிரி பாத்துக்கோங்க.

சா மில்ல 42 இன்ச் நீளம், 2 இன்ச் அகலம், ஒண்ணேகால் இன்ச் கனத்துல அறுத்து வாங்குங்க. அட்டையில வளைவு வரைஞ்சு வெட்டி கட்டை மேல வெச்சுக் கோடு போடுங்க, மொத்த வளைவு முக்கால் இன்ச்சுக்கு மேல போக வேண்டாம், ஏன்னா நேர்க் கட்டையில வளைவு அதிகமா எடுத்தா ரேகை அறுபட்டுரும். பேண்ட் சா ரம்பத்துல வெட்டினதும் இழைப்புளியால மூலைய எடுத்து எட்டுப் பட்டையாக்குங்க, அப்புறம் அரம் போட்டு உருட்டுங்க. கைப்பிடி சுத்தமா உருண்டையா வேண்டாம், முட்டை வடிவம் இருந்தாதான் கண்ண மூடினாலும் கூர் எந்தப் பக்கம்னு கைக்குத் தெரியும். உப்புத்தாள் சொரசொரப்புல ஆரம்பிச்சு 80, 120, 220ன்னு நம்பர் ஏத்திப் போட்டு, ஈரத்துணியால தொடச்சு காயவிட்டு, எழும்பற நாரை மறுபடி 220ல தேயுங்க.

வார்னிஷ் வேண்டாம், சேலத்து வெயில்ல கை வேர்த்தா வழுக்கும். ஆளி விதை எண்ணெய் மெல்லிசாத் தடவி கால் மணி நேரம் கழிச்சு தொடச்சிருங்க, நாலஞ்சு நாள் இப்படி. தொடச்ச துணியச் சுருட்டிப் போடாதீங்க, தானாவே சூடேறித் தீப்பிடிக்கும், விரிச்சுக் காயப் போடுங்க.

கடையில வாங்கறவங்களும் இதே ரேகைதான் பாக்கணும், கூடவே கைப்பிடியில இருந்து நுனி வரைக்கும் கண்ணு வெச்சு முறுக்கம் இருக்கான்னு பாருங்க. அடர்த்தியா பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கற வாளை நான் எடுக்கறதில்ல, உள்ள வெடிப்பை மக்கு (புட்டி) வெச்சு அடைச்சிருந்தா தெரியாது.

ஜப்பான் வாள்வீரர் மியாமோட்டோ முசாஷி 1612ல எதிரிய மரவாளாலயே கொன்னார்னு சொல்லுவாங்க, அதனால பொம்மை மாதிரி குடுத்துராதீங்க. ஆள் மேல பட அடிச்சுப் பழகறதுக்கு ஷினாய்ங்கற மூங்கில் வாளும் கவசமும் வேணும். ஒவ்வொரு கிளாஸுக்கு முன்னாடியும் பருத்தித் துணிய வாள் மேல ஓட்டுங்க, நூல் மாட்டினா அங்க சிலாம்பு எழும்பியிருக்கு, தேச்சுட்டு எண்ணெய் போடுங்க. வெடிப்பு கண்ணுக்குத் தெரிஞ்சா பசை, டேப் எல்லாம் வேலைக்காகாது, அன்னைக்கே ஓரங்கட்டிருங்க. செவுத்துல சாய்ச்சு வைக்காம ரெண்டு ஆணி மேல படுக்க வெச்சு, வெயில் படாத உள் ரூமாப் பாத்து மாட்டுங்க.