துன்ப நாட்களில் ஸ்தோத்திரம்: முதலில் புலம்பல், பிறகு நன்றி

வேலை போன வாரத்திலும், வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாய்க் கிடக்கும்போதும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சொல்ல வாய் வராது. அப்போது நன்றியிலிருந்து ஜெபத்தை ஆரம்பிக்க வேண்டாம். புலம்பலிலிருந்து ஆரம்பியுங்கள்.

வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் 13-ஆம் சங்கீதம் இதற்கு நல்ல வழிகாட்டி. மொத்தமே 6 வசனங்கள். முதல் 2 வசனங்களில் தாவீது "எதுவரைக்கும்" என்று 4 தடவை கேட்கிறார். அடுத்த இரண்டில் வேண்டுதல். கடைசி இரண்டில்தான் நம்பிக்கையும் பாட்டும். இதே வரிசையில் ஜெபியுங்கள். 10 நிமிடம் போதும். அதில் பாதி நேரம் மனதில் இருப்பதைக் கொட்டிவிடுங்கள். "என்னைக் கைவிட்டுவிட்டீரோ என்று பயமாயிருக்கிறது" என்றுகூடச் சொல்லலாம். பிறகு அன்றைக்குத் தேவையான ஒரே ஒரு வேண்டுதல். அதன்பின் நன்றி.

பலரும் தடுமாறுவது இந்த மூன்றாவது பகுதியில்தான். "சகல நன்மைகளுக்கும் ஸ்தோத்திரம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் மனம் ஒட்டாது. நேற்றிலிருந்து இன்றைக்குள் நடந்த மூன்று காரியங்களை மட்டும் எடுங்கள். "இரவு 2 மணிக்கு மேல் அம்மாவுக்கு வலி குறைந்து கொஞ்சம் தூங்கினார்களே, அதற்கு ஸ்தோத்திரம்." இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லி, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மனம் சோர்ந்திருக்கும்போது நல்லது எதுவும் ஞாபகத்தில் நிற்காது, நோட்டு ஞாபகப்படுத்தும். மூன்று கிடைக்காவிட்டால் ஒன்று போதும். ஒன்றுமே தோன்றாவிட்டால் 136-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள்; அதன் 26 வசனங்களும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிகின்றன. எருசலேம் பாழாய்க் கிடந்த காலத்தில்தான் கர்த்தருடைய இரக்கங்கள் "காலைதோறும் புதியவைகள்" என்று வேதாகமத்தின் புலம்பல் புத்தகம் 3-ஆம் அதிகாரம் சொல்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வியாதியையே நல்லது என்று சொல்லி நன்றி செலுத்த வேண்டியதில்லை. இறந்துபோன நண்பர் லாசருவின் கல்லறையருகே இயேசு கண்ணீர் விட்டார். அங்கேயே பிதாவுக்கு ஸ்தோத்திரமும் சொன்னார். யோவான் 11-இல் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. "அவர்களைவிட நாம் பரவாயில்லை" என்று ஒப்பிட்டுச் சொல்லும் நன்றியையும் விட்டுவிடுங்கள். லூக்கா 18-இல் பரிசேயன் (கண்டிப்பான யூத மதப் பிரிவைச் சேர்ந்தவன்) செய்தது அதுதான். நன்றி சொன்னால் பிரச்சினை சீக்கிரம் தீரும் என்று கணக்குப் போட்டால், தீராத அன்றைக்கு ஜெபமே நின்றுபோகும்.

துக்கத்தில் இருப்பவரிடம் போய் "ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்று புத்தி சொல்வது மிகவும் தவறு. அழுகிறவர்களுடனே அழச் சொல்கிறது ரோமர் 12:15. வீட்டில் அடி உதை வாங்குகிறவர்களிடம் பொறுத்துக்கொண்டு நன்றி சொல்லச் சொல்லவே கூடாது. அவர்களைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

சில நாட்களில் புலம்பலைத் தாண்டவே முடியாது. 88-ஆம் சங்கீதமும் ஒரு நன்றி வார்த்தைகூட இல்லாமல்தான் முடிகிறது. அப்படிப்பட்ட நாளில் அதையே வாசித்து ஆமென் சொல்லிவிட்டுப் படுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனால் ஜெபத்தோடு டாக்டரையும் பாருங்கள்.