கண்ணிமைக்கு மேலால் மூளையின் அழுத்தத்தைப் பார்ப்பது

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர் இதயச் சத்திரசிகிச்சைக்குக் கொழும்பு றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போகிறார்கள். என்னிடம் வேலை பழகும் இளம் வைத்தியர்களும் நாளைக்கு அப்படியான பிரிவில் நிற்க வேண்டி வரும். அதனால்தான் மூடிய கண்ணிமையில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பார்வை நரம்பின் உறையை அளக்கும் இந்த ஸ்கானை விடாமல் பழக்குகிறேன்.

சத்திரசிகிச்சை முடிந்த பிள்ளை மயக்க மருந்தில் கிடக்கும். மூளையில் அழுத்தம் ஏறினாலும் தலையிடிக்குது என்று சொல்லாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் மருந்து ஏறும்போது மண்டையோட்டைத் துளைத்து அழுத்தம் அளக்கப்போனால் இரத்தம் கசியலாம். ஆனால் பார்வை நரம்பின் உறை, மூளையைப் போர்த்தியிருக்கும் உறையின் தொடர்ச்சி. உள்ளே அழுத்தம் ஏறினால் திரவம் அங்கேயும் தள்ளி, உறை அகலும்.

கைக்குழந்தை என்றால் முதலில் உச்சிக்குழியைத் தடவிப் பாருங்கள். அழாத நேரத்திலும் புடைத்திருந்தால் கவனம்.

சரி, ஸ்கானுக்கு வருவோம். உயர் அதிர்வெண் லீனியர் (முனை நேராக இருக்கும்) அல்ட்ராசவுண்ட் கருவியை எடுத்து, கண்ணுக்குரிய குறைந்த சக்தி அமைப்புக்கு மாற்றுங்கள். ஏசி அறையில் ஜெல் குளிர்ந்திருக்கும். குழாயைக் கொஞ்சநேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருங்கள். மூடிய இமையில் தாராளமாகப் போடுங்கள். சின்னவிரலைப் பிள்ளையின் நெற்றியில் ஊன்றிக்கொண்டால் கருவி ஜெல்லில் மிதக்கும், கண்ணில் அழுத்தாது. இதில் நான் கண்டிப்பு: கண்ணை அழுத்தினால் இதயத் துடிப்பு குறையும். இப்போதுதான் தைத்த இதயத்துக்கு அது தேவையே இல்லை. கண்ணில் காயம் இருந்தால் ஸ்கானே வேண்டாம்.

திரையில் கருவட்டமாகக் கண், அதன் பின்னால் கருங்கோடாக நரம்பு தெரியும். விழித்திரையிலிருந்து 3 மில்லிமீற்றர் பின்னால் போய், உறையின் குறுக்களவை எடுங்கள். இரண்டு கண்ணிலும் இரண்டிரண்டு தடவை அளந்து சராசரி போடுங்கள். ஒரு வயதுக்குள் 4, அதற்கு மேல் 4.5 மில்லிமீற்றரைத் தாண்டினால் சந்தேகிப்பது வழக்கம்.

ஆனாலும் அந்த ஒற்றை எண்ணை நான் நம்புவதில்லை. கிளென் என்ற இதயச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு தலையிலிருந்து வரும் இரத்தம் நேரே நுரையீரலுக்குப் போவதால், தலையின் நாள அழுத்தம் எப்படியும் கூடத்தான் இருக்கும். முதல்நாளே, முடிந்தால் சத்திரசிகிச்சைக்கு முன்பே ஒரு அளவு எடுத்துக் குறித்து வையுங்கள். அதே பிள்ளையில் அளவு ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

உறை அகன்று வர, ஒரு கண்மணி பெருத்தாலோ, நாடி குறைந்து பிரஷர் ஏறினாலோ திரும்ப அளந்துகொண்டு நிற்காதீர்கள். கழுத்து திரும்பாமல் தலையை நேராக வைத்து, கட்டிலின் தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்தி, உடனே மூத்த வைத்தியரைக் கூப்பிடுங்கள். சிடி ஸ்கான் எப்போது என்பதை அவர் சொல்வார்.