நேரோபோட்டில் டிவி: முதலில் பேட்டரி, அப்புறம் ஆன்டெனா

இங்கிலாந்தில் வீட்டு வாடகை கட்டி மாளாமல் நேரோபோட் (குடியிருக்க ஏற்ற ஒடுக்கமான கால்வாய்ப் படகு) வாங்கிக் கால்வாயில் குடியேற நினைக்கிற நம்மவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கிற கேள்வி, "படகில் டிவி வருமா?" வரும், நன்றாகவே வரும். ஆனால் எந்த டிவி வாங்கலாம் என்று தொடங்காதீர்கள். ராத்திரி பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருக்கும், படகை எங்கே கட்டப்போகிறீர்கள், இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் டிவி கடைசியில் தானாக முடிவாகிவிடும். கரைக் கரண்ட் இருக்கிற மரினாவில், அதாவது படகுத்துறையில், நிரந்தர இடம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, வீட்டு டிவியையே கொண்டுவந்து மாட்டிக்கொள்ளலாம். நான் எழுதுவது சொந்த இடம் இல்லாமல், 14 நாளைக்கு ஒரு தரம் கட்டை அவிழ்த்து வேறு இடம் போய்க்கொண்டே இருக்கிறவர்களுக்கு.

முதலில் கரண்ட் கணக்கு. 24 அங்குல எல்இடி டிவி சுமாராக 25 முதல் 30 வாட் இழுக்கும். 12 வோல்ட் பேட்டரியில் அது இரண்டு, இரண்டரை ஆம்பியர். நாலு மணி நேரம் பார்த்தால் 10 ஆம்பியர் மணி, அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் தின்பதோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவே இல்லை. ஆனால் அதே டிவியை இன்வர்ட்டர் வழியாக 230 வோல்ட்டில் ஓட்டினால், இன்வர்ட்டர் சும்மா இருப்பதற்கே 10, 20 வாட் எடுத்துக்கொள்ளும், மாற்றும்போதும் கொஞ்சம் இழப்பு, ஆகமொத்தம் செலவு ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். அதனால் நேராக 12 வோல்ட்டில் ஓடுகிற டிவியைத் தேடுங்கள். லெட் ஆசிட் பேட்டரி வைத்திருந்தால் அதில் எழுதியிருக்கும் அளவில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்குக் கீழே இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். லித்தியத்தில் இந்தத் தொல்லை குறைவு.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். படகில் "12 வோல்ட்" என்பது ஒருபோதும் 12 வோல்ட்டாக இருக்காது. பேட்டரி இறங்கும்போது 11.5 வரை போகும், எஞ்சின் ஓடும்போதோ வெயிலில் சோலார் ஏற்றும்போதோ 14.4 தாண்டும். வீட்டு டிவிகளில் சில 12 வோல்ட் அடாப்டரோடு வருகின்றன. அடாப்டரைக் கழற்றிவிட்டு நேராகப் பேட்டரியில் கொடுத்துவிடலாம் என்று ஒரு கடையில் சொன்னார்கள், நானும் நம்பினேன். மூன்றாம் வாரம் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தபோது திரை இருண்டது, அப்புறம் எழவே இல்லை. அந்த மாதிரி டிவி உங்களிடம் இருந்தால் நடுவில் ஒரு டிசி-டிசி ஸ்டெபிலைசர் போடுங்கள். பேட்டரியில் எது வந்தாலும் அது 12ஐ மட்டுமே வெளியே விடும். 19 வோல்ட் அடாப்டரோடு வருகிற டிவிக்கு 12ஐ 19 ஆக உயர்த்துகிற கன்வர்ட்டர் கிடைக்கிறது. படகுக்கும் கேரவனுக்கும் என்றே செய்த டிவிகள் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும், விலை கூடுதல். பிளக்கில் பிளஸ் மைனஸ் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிளையும் விட்டுவிடாதீர்கள். பேட்டரி பின்பக்கம் எஞ்சின் அருகே இருக்கும், டிவி முன்பக்கம் அடுப்புக்கு எதிரே இருக்கும், நடுவில் 15 மீட்டர். போகவர 30 மீட்டர் செம்புக் கம்பி. 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 3 ஆம்பியர் போனால் வழியிலேயே ஒரு வோல்ட் காணாமல் போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் கால் வோல்ட்தான் போகும். தண்ணீர் பம்ப் ஓடும்போதெல்லாம் டிவி அணைந்து எரிகிறது என்று சொல்கிறவர்கள் டிவியைக் குறை சொல்வதற்கு முன் இந்தக் கம்பியைப் பார்க்க வேண்டும். டிவிக்குத் தனி ஃப்யூஸ், தனிக் கம்பி.

குளிர்காலம்தான் உண்மையான சோதனை. டிசம்பரில் கூரை சோலார் கொடுப்பது மிகக் கொஞ்சம், நாலு மணிக்கே இருட்டிவிடும், டிவி பார்க்கத் தோன்றுவதும் அப்போதுதான். கால்வாய்களைப் பார்த்துக்கொள்கிற கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்டின் விதிப்படி, பக்கத்தில் ஆட்கள் இருக்கிற இடத்தில் படகைக் கட்டியிருந்தால் இரவு 8 முதல் காலை 8 வரை பேட்டரி ஏற்றுவதற்காக எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓட்டக் கூடாது. ஆகவே ராத்திரிப் படத்துக்கான கரண்டைப் பகலிலேயே சேர்த்து வைத்துவிடுங்கள்.

சரி, சிக்னல். ஆன்டெனாவில் வருகிற இலவச டிவியான ஃப்ரீவியூதான் எளிது, மாதக் கட்டணம் கிடையாது. இதற்குப் பறக்கும் தட்டு மாதிரி வட்டமாக, எல்லாத் திசையும் பிடிக்கும் என்று விற்கிற ஆன்டெனாக்கள் படகுகளில் நிறைய தெரியும். டவர் அருகே அவை போதும். ஆனால் கால்வாய் பல இடங்களில் பள்ளத்தில், வெட்டிய பாறைகளுக்கு நடுவே ஓடுகிறது. அங்கே அது கைவிட்டுவிடும். என் பரிந்துரை லாக் பீரியாடிக் ஆன்டெனா, முக்கோணமாக மீன் முள் போல இருக்கும். ஒரு டவருக்கு மட்டும் என்றில்லாமல் எல்லாச் சேனல் வரிசைக்கும் ஒரே அளவில் வேலை செய்வதால் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு ஏற்றது. அதை இரண்டு மூன்று மீட்டர் உயரக் கம்பில், கழற்றி மாட்டுகிற மாதிரி நிறுத்துங்கள். மேலே மின்கம்பி போகிறதா என்று பார்க்காமல் கம்பை உயர்த்தவே கூடாது.

எந்தப் பக்கம் திருப்புவது? எந்த ஆப்பையும் திறப்பதற்கு முன் கரையோர வீடுகளின் கூரையைப் பாருங்கள். எல்லா ஆன்டெனாவும் ஒரே திசையில் நிற்கும், அதையே பின்பற்றுங்கள். அதன் முட்கள் படுத்திருக்கின்றனவா நிமிர்ந்திருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். லண்டனின் கிரிஸ்டல் பேலஸ், பர்மிங்காம் பக்கம் சட்டன் கோல்ட்ஃபீல்டு, வடக்கே வின்டர் ஹில் போன்ற பெரிய டவர்களுக்கு முட்கள் படுக்கைவாக்கில் இருக்க வேண்டும். பள்ளத்தாக்குகளுக்கு என்று வைத்த சின்ன ரிலே டவர்கள் பெரும்பாலும் நிமிர்ந்த வாக்கு. இதை மாற்றி வைத்தால் சிக்னல் பாதிக்கு மேல் போய்விடும், டிவி கெட்டுவிட்டது என்று தோன்றும். ரிலேயில் சேனல்களும் குறைவாகத்தான் வரும், அது உங்கள் பிழை அல்ல. இலங்கை ரூபவாஹினியைப் பிடிக்க மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே "வந்துருச்சா?" என்று கீழே கத்திய தலைமுறை இந்த வேலையைச் சொல்லித்தராமலே செய்துவிடும். ஒரே வித்தியாசம், டிஜிட்டலில் புள்ளி புள்ளியாகத் தெரிவது கிடையாது, வந்தால் சுத்தமாக வரும், இல்லாவிட்டால் உறைந்து நிற்கும். அதனால் கொஞ்சம் திருப்பி, சில நொடி பொறுத்து, அப்புறம் திருப்புங்கள். ஊர் மாறினால் மறுபடி ட்யூன் செய்ய வேண்டும். சிக்னலைப் பெருக்குகிற பூஸ்டரை உடனே வாங்காதீர்கள். நல்ல சிக்னல் இல்லாத இடத்தில் அது இரைச்சலைத்தான் பெருக்கும், டவர் பக்கத்தில் இருந்தால் டிவியைத் திணறடிக்கும்.

டிஷ் வைப்பது குளிர்காலத்தில் ஒரே இடத்தில் நாலைந்து மாதம் இருக்க அனுமதி வாங்கியவர்களுக்கு அருமை. டிஷ்ஷில் வருகிற ஃப்ரீசாட்டும் இலவசம்தான், டவர் தொல்லையே இல்லை, நாடு முழுக்க ஒரே செயற்கைக்கோள் நிலை: கிழக்கே 28.2 டிகிரியில் நிற்கிற அஸ்ட்ரா. லண்டனிலிருந்து பார்த்தால் திசைகாட்டியில் சுமார் 145 டிகிரி, அதாவது தென்கிழக்கு, அடிவானத்துக்கு மேல் 25 டிகிரி. அந்தப் பக்கம் மரம் இருந்தால் வராது. ஜனவரியில் மொட்டைக் கிளை வழியே வந்த படம் மே மாதம் இலை விட்டதும் நின்றுபோகும், அதையும் யோசித்துக் கட்டுங்கள். திசைகாட்டியைப் படகுக்குள்ளோ கூரை மேலோ வைத்துப் பார்க்காதீர்கள், போன் திசைகாட்டியும் அப்படியே. படகே பெரிய இரும்புத்துண்டு, ஊசி பொய் சொல்லும். கரைப்பாதையில் இறங்கிப் பல அடி தள்ளி நின்று பாருங்கள். 60 சென்டிமீட்டர் டிஷ் போதும். சாதாரண டிஷ் 25 டிகிரி வானத்தைப் பார்க்கும்போது நம் கண்ணுக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தாகத்தான் தெரியும், இதைத் தெரியாமல் பலர் அண்ணாந்து வைத்துவிட்டு மணிக்கணக்கில் தேடுகிறார்கள். சிக்னல் பலம் காட்டுகிறது, சேனல் மட்டும் வரவில்லை என்றால் 19.2 டிகிரியில் இருக்கிற இன்னொரு அஸ்ட்ராவைப் பிடித்திருக்கலாம். கொஞ்சம் கிழக்கே, அதாவது இடப்பக்கம் திருப்புங்கள்.

டிஷ்ஷைக் கூரையில் வைத்தால் பக்கத்தில் ஒரு படகு போகும்போதெல்லாம் நம் படகு அசையும், படம் உறையும். முக்காலியில் வைத்துக் கரையில், படகை ஒட்டித் தண்ணீர் ஓரமாக நிறுத்துவது மேல். கேபிள் கரைப்பாதையின் குறுக்கே போகவே கூடாது. ராத்திரி சைக்கிளில் வருகிறவர்கள் விழுந்தால் பெரிய காயமாகிவிடும்.

கேபிளை உள்ளே கொண்டுவரக் கூரையில் காளான் வடிவில் இருக்கிற காற்று வென்ட் வழியாக விடுகிறவர்கள் உண்டு. விடலாம், ஆனால் குளிர் வருகிறது என்று மீதி இடைவெளியைத் துணியால் அடைக்காதீர்கள். விறகடுப்பு எரிகிற படகில் அந்த வென்ட்தான் உயிர்க்காற்று. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. 2019 ஏப்ரல் முதல் தங்கும் வசதியுள்ள படகுகளுக்கு அதற்கான அலாரம் கட்டாயமாகிவிட்டது. நிரந்தரமாக விடுவதென்றால் துளை போட்டு, கேபிளைச் சுற்றி இறுக்குகிற, தண்ணீர் புகாத கிளாண்ட் வைத்து மூடிவிடுங்கள்.

அப்புறம் தமிழ்ச் சேனல்கள். இவை ஃப்ரீவியூவில் வராது, இணையம்தான் வழி. படகின் கூரை பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் இரும்பு, பல இடங்களில் உள்ளே போனில் ஒரு கோடுகூட ஏறாது. சிம் போடுகிற ரூட்டரும் கூரைக்கு மேலே ஒரு வெளி ஆன்டெனாவும் வாங்குங்கள், ரூட்டரை மட்டும் வாங்கி ஜன்னலில் வைப்பது அரைக்கிணறுதான். எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை போகும், தரத்தைக் குறைத்தால் 1 ஜிபியில் அடங்கும். செயற்கைக்கோள் இணையமான ஸ்டார்லிங்க் மினி வானம் மறைக்காத இடத்தில் வேலை செய்கிறது, ஆனால் அதுவே 25 முதல் 40 வாட் இழுக்கும், இன்னொரு டிவி ஓடுகிற மாதிரி. ஒரு நல்ல செய்தி: நம் ஊரில் இரவு ஏழரைக்குத் தொடங்குகிற ஐபிஎல் ஆட்டம் இங்கே கோடை நேரப்படி மதியம் 3 மணி. ஏப்ரல், மே வெயிலில் சோலாரே ரூட்டரையும் டிவியையும் சேர்த்துச் சுமந்துவிடும், பேட்டரியைத் தொடவே வேண்டாம்.

உரிமத்தைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள். படகுதான் உங்கள் வீடு என்றால் டிவி லைசென்ஸ் வேண்டும், 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 174.50 பவுண்டாக இருந்தது. கரையில் லைசென்ஸ் உள்ள வீடு இருந்தால், எப்போதாவது படகில் போய்ப் பார்ப்பதற்கு அதுவே போதும். தமிழ்ச் சேனல்தானே, போனில்தானே என்று நினைக்கிறவர்கள் அதிகம். எந்த நாட்டுச் சேனலாக இருந்தாலும் எந்தத் திரையில் பார்த்தாலும், ஒளிபரப்பாகும்போதே பார்த்தால் லைசென்ஸ் தேவை. பிபிசி ஐபிளேயருக்கு எப்போதுமே தேவை. பிறகு விருப்பப்பட்ட நேரத்தில் மற்ற ஆப்களில் படம் பார்ப்பதற்குத் தேவையில்லை.

டிவியை அடுப்புக்கு மேலே மாட்டாதீர்கள், அந்தச் சூடு அதைத் தின்றுவிடும். தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்குகிற கால்வாய் லாக்கில் போகும்போது படகு சுவரில் இடிக்கும், அதனால் பூட்டு வைத்த பிராக்கெட்டாகப் பாருங்கள். நேரோபோட்டின் உள்ளகலம் இரண்டு மீட்டர்கூட இல்லை, 24 அங்குலமே தாராளம்.

கடைசியாக, காலையில் கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியது. முதலில் கரையில் இருக்கும் டிஷ்ஷின் கேபிளைக் கழற்றி டிஷ்ஷை உள்ளே எடுங்கள், அடுத்து ஆன்டெனாக் கம்பை இறக்கிக் கூரையில் படுக்கவைத்துக் கட்டுங்கள், அதற்குப் பிறகுதான் கயிற்றை அவிழ்க்க வேண்டும். கால்வாய்ப் பாலங்கள் தலையில் இடிக்கிற உயரம்தான். இந்த வரிசையை ஒரு அட்டையில் எழுதிச் சுக்கான் கைப்பிடியில் தொங்கவிடுங்கள், கயிற்றைத் தொடுகிறவர் யாராக இருந்தாலும் முதலில் அது கண்ணில் பட வேண்டும்.