பழைய புல்லட் சக்கரம்: பெயிண்ட் அடிக்கும் முன் செய்யும் தவறுகள்

பழைய புல்லட்டைப் புதுப்பிக்கும் பலர், டேங்குக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடச் சக்கரத்துக்குக் காட்டுவதில்லை. ரிம்மைக் கழற்றி ஒரு கோட் கறுப்பு அடித்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 19 அங்குல ரிம், 40 ஸ்போக். வண்டியின் பாரம் முழுவதையும் தாங்குவது இந்தக் கம்பிகள்தான். பெயிண்ட் அதற்கப்புறம்தான்.

அளவு எடுக்காமல் ஸ்போக்கைக் கழற்றாதீர்கள். ரிம், சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் நேர்நடுவில்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. பிரேக் டிரம் பக்கமாகச் சற்று விலகியும் இருக்கலாம். ஹப்பின் விளிம்பில் நேரான சட்டம் ஒன்றை வைத்து, ரிம்முக்கு உள்ள இடைவெளியை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். உள்பக்க ஸ்போக்குக்கும் வெளிப்பக்க ஸ்போக்குக்கும் கழுத்து வளைவு வேறாக இருக்கும், தனித்தனியாகக் கட்டி வைப்பது நல்லது.

வெளியே மின்னும் குரோமைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். துரு தின்பது டியூப் உட்காரும் பக்கத்தில், ஸ்போக்கை ரிம்மோடு பிடிக்கும் சின்னத் திருகான நிப்பிளின் துளைகளைச் சுற்றி. ஸ்க்ரூடிரைவர் நுனியால் அங்கே அழுத்திக் குத்திப் பாருங்கள். தகடு மெலிந்திருந்தால் அந்த ரிம் இனி ஆகாது. பட்டி பூசினால் பள்ளம் நிரம்பும், பலம் வராது. துருப்பிடித்த ஸ்போக்கை ஆசிடில் ஊறவைத்துத் திரும்பப் போடுவதும் ஆபத்துதான். ஆசிட் எஃகை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோய்விடும். புது செட் வாங்கிவிடுங்கள்.

குரோமின் மேல் அப்படியே அடித்த பெயிண்ட் தோல் தோலாக உரியும். முலாம் பூசும் பட்டறையில் பழைய குரோமை முழுக்க எடுக்கச் சொல்லி, எபாக்ஸி பிரைமர் அடித்த பிறகே நிறத்துக்குப் போகலாம்.

பெயிண்ட் படக்கூடாத இடங்களை மறைக்காமல் விடுவதுதான் என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய தவறு. பெயிண்ட்டுக்குப் பதில் பொடியைத் தூவி அடுப்பில் சுட்டு ஒட்டவைக்கும் பவுடர் கோட்டிங் தடிமனானது. நிப்பிள் உட்காரும் குழியில் அது படிந்தால், ஸ்போக்கை முறுக்கும்போது முதலில் இறுக்கமாகத்தான் தெரியும். ஓட ஓட அந்தப் பூச்சு நசுங்கி, ஸ்போக் தளர்ந்து, சக்கரம் ஆட ஆரம்பிக்கும். பிரேக் லைனர் உரசும் டிரம்மின் உள்வட்டத்திலும் பேரிங் உட்காரும் இடத்திலும் ஒரு துளிகூடப் படக்கூடாது. அடுப்பின் சூடு 180 முதல் 200 டிகிரி வரை போகும் என்பதால், பேரிங்கை முன்பே கழற்றிவிடுங்கள். பழைய டிரம்மின் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடையுங்கள்.

பெயிண்ட் நன்றாக இறுகும் முன் டயர் மாட்டினால் லீவர் பட்டுக் கீறிவிடும். சில நாள் பொறுங்கள். லீவருக்கும் ரிம்முக்கும் நடுவே பழைய டியூப் துண்டு ஒன்றை வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றுங்கள்.

சரி, சக்கரம் கோர்த்து, பெண்டு எடுத்து, வண்டியில் மாட்டியாயிற்று. 100, 150 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஒவ்வொரு ஸ்போக்கையும் சின்ன ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். 'டிங்' என்று ஒலிப்பதை விட்டுவிடுங்கள். 'டொக்' என்று கேட்டால் கால் சுற்று முறுக்கி, சக்கரத்தைச் சுழற்றி, ஆட்டம் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.