அப்ரூவல் ஆகியும் கிரீன் கார்டு வரவில்லையா? தாமதத்தின்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பிள்ளைகள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, அப்பா அம்மாவையும் அங்கே அழைத்துக்கொள்ளும் வீடுகள் இன்று பல உண்டு. மும்பையில் நேர்காணல் முடிந்து பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்துவிடும். பெங்களூரில் விமானம் ஏறி, அங்கே போய் இறங்கியும் ஆகிவிடும். கார்டு மட்டும் வராது. இரண்டு மாதம் ஆனதும் "ஏதோ சிக்கல் போல" என்று வீட்டில் பேச்சு கிளம்பும். ஊரில் மாங்காய் சீசன் நெருங்கினால் அப்பாவுக்கு அங்கே இருப்பே கொள்ளாது. பெரும்பாலான தவறுகள் இந்தக் கட்டத்தில்தான் நடக்கின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். குடியேற்ற விசாவோடு போய் இறங்குபவரை விமான நிலைய அதிகாரி முத்திரை குத்தி உள்ளே விட்டாரென்றால், அந்த நிமிடமே அவர் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர். பின்னால் வரும் கார்டு அதற்கான அத்தாட்சி மட்டுமே. கார்டு தாமதமானால் உரிமை போய்விடாது. பதறிப்போய்ச் செய்யும் காரியங்களால்தான் காசும் நாளும் போகும்.

கட்டணம் கட்டாமல் காத்திருப்பது

விசா கட்டணம், மருத்துவப் பரிசோதனைக் கட்டணம் எல்லாம் கட்டியாயிற்றே என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கார்டு அச்சிட அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குத் தனியாக ஒரு தொகை கட்ட வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் அது ஆளுக்கு 235 டாலர். அதற்கு முன் 220. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சேர்த்து ஒரே தொகை என்று நினைத்து ஒருவருக்கு மட்டும் கட்டிவிட்டு, இன்னொருவர் கார்டு ஏன் வரவில்லை என்று தேடுபவர்களும் உண்டு. கட்டாமலே போய் இறங்கினாலும் உள்ளே விடுவார்கள். ஆனால் பணம் கட்டும்வரை கார்டு அச்சாகாது.

இணையத்தில்தான் கட்ட வேண்டும். மகனோ மகளோ அங்கிருந்தே கட்டிவிடலாம். இரண்டு எண்கள் கேட்கும். ஒன்று 'ஏ' என்ற எழுத்தில் தொடங்கும் எண். அது விசாவில் 'ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர்' என்ற தலைப்பில் இருக்கும். இன்னொன்று விசா வழக்கு எண். மும்பை என்றால் 'பிஎம்பி' என்று தொடங்கும். 'ஏ' எண்ணில் எட்டு இலக்கம்தான் இருந்தால் முன்னால் ஒரு சுழியம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு இலக்கம் மாறினாலும் பணம் சரியான கோப்பில் சேராமல் தொங்கும். கட்டி முடித்ததும் வரும் ரசீதைச் சேமித்து வையுங்கள். அதிலுள்ள 13 எழுத்து, இலக்கம் கொண்ட ரசீது எண் இல்லாமல் பின்னால் எதையும் விசாரிக்க முடியாது.

தப்பான நாளிலிருந்து எண்ணுவது

90 நாள்வரை பொறுக்கச் சொல்கிறது குடியேற்றத் துறை. எந்த நாளிலிருந்து? போய் இறங்கிய நாள், பணம் கட்டிய நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து. மார்ச் 10 இறங்கி ஏப்ரல் 20 பணம் கட்டியவருக்குக் கெடு ஜூலை 19. அவர் ஜூன் மாதமே போன் செய்து புகார் சொன்னால் "காத்திருங்கள்" என்றுதான் பதில் வரும்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி நடக்கிறது. விசா விண்ணப்பத்திலேயே சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும் என்று குறித்திருந்தால் அந்த அட்டை சில வாரத்தில் தபாலில் வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு "கார்டு வந்துடுச்சு" என்று ஊருக்குச் சொல்லிவிடுகிறார்கள். அது வேறு துறை அனுப்புவது. அது வந்ததாலேயே கிரீன் கார்டும் அச்சாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மெயில்பாக்ஸில் மகன் பெயர் மட்டும் இருப்பது

கார்டு காணாமல் போவதற்கு நம்மவர்கள் வீட்டில் இருக்கும் தனிக் காரணம் இது. அமெரிக்கத் தபால்காரர் ஒரு வீட்டில் ஒரு குடும்பப் பெயர் இருக்கும் என்றே பழகியவர். நம் வழக்கம் வேறு. மகன் சரவணன், அப்பா மாதையன், தாத்தா முனுசாமி என்று வைத்துக்கொள்வோம். மகன் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் மாதையன். அப்பா பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் முனுசாமி. மருமகளுக்குக் கடைசிப் பெயர் சரவணன். ஒரே கூரைக்குக் கீழே மூன்று கடைசிப் பெயர்கள்! அபார்ட்மென்ட் பெட்டியில் 'சரவணன் மாதையன்' என்று மட்டும் ஒட்டியிருக்க, 'மாதையன் முனுசாமி' என்று உறை வந்தால், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று தபால்காரர் திருப்பி அனுப்ப இடமிருக்கிறது.

பெற்றோர் போய் இறங்குவதற்கு முன்பே, விசாவில் இருக்கிற அதே எழுத்துக்கூட்டலில் அவர்கள் பெயரைப் பெட்டியின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒட்டிவிட வேண்டும். 'முனியம்மா' என்று கூப்பிட்டாலும் பாஸ்போர்ட்டில் 'முனியம்மாள்' என்றால் அதுதான். அபார்ட்மென்ட் அலுவலகத்திலும் தபால் நிலையத்திலும் இந்தப் பெயரில் தபால் வரும் என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் இன்னும் நல்லது. முகவரியில் வீட்டு எண் விடுபட்டிருக்கிறதா என்பதை விமான நிலையத்திலேயே பாருங்கள். கார்டை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று அதிகாரி அங்கேயே சரிபார்ப்பார். பெற்றோருக்கு ஆங்கிலம் வராது என்றால், முழு முகவரியையும் ஐந்திலக்க ஜிப் எண்ணையும் ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

அமெரிக்கத் தபால் துறையில் 'இன்ஃபார்ம்டு டெலிவரி' என்ற இலவசச் சேவை இருக்கிறது. அன்றைக்கு வரப்போகும் உறைகளின் படம் காலையிலேயே மின்னஞ்சலில் வந்துவிடும். பதிவு செய்து வைத்தால், உறை வந்ததா, வந்து பெட்டியிலிருந்து போனதா என்பதாவது தெரியும்.

பெயர் பற்றியே இன்னொன்று. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு, அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் கடைசிப் பெயராகவும் முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்ற மூன்றெழுத்தும் வரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. கார்டிலும் அப்படியேதான் வரும். பார்த்ததும் அச்சுப்பிழை என்று திருத்தத்துக்கு அனுப்பினால் கார்டும் கையில் இருக்காது, மாதங்களும் ஓடும். பிறந்த மாவட்டம் பற்றியும் கவலைப்பட வேண்டாம். 1965க்கு முன் பிறந்தவர்களின் பழைய சான்றுகளில் சேலம் மாவட்டம் இருக்கும்; 2004 வரைக்கும் கிருஷ்ணகிரிக்காரர்களுக்குத் தருமபுரி மாவட்டம் இருக்கும். கார்டில் பிறந்த நாடு மட்டுமே அச்சாகும்.

வீடு மாறியதைத் தபால் நிலையத்துக்கு மட்டும் சொல்வது

சாதாரணத் தபாலைப் புது முகவரிக்குத் திருப்பிவிடுவார்கள். குடியேற்றத் துறை அனுப்பும் கார்டை அப்படித் திருப்ப மாட்டார்கள், அனுப்பியவருக்கே போய்விடும். வீடு மாறிய 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிப்பது சட்டப்படியும் கட்டாயம். ஏஆர்-11 என்ற அந்தப் படிவத்தை இணையத்திலேயே நிரப்பலாம்; கட்டணம் கிடையாது. நிரப்பும்போது ரசீது எண்ணையும் கொடுத்து, அந்தக் கோப்பிலும் முகவரி மாறிவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மகன் வேலை மாறி ஊர் மாறும்போது, தன் முகவரியை மட்டும் மாற்றிவிட்டு அப்பா அம்மாவுடையதை மறந்துவிடுவது சகஜம். ஆளுக்கு ஒரு தடவை தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

திரும்பிப் போன கார்டுக்கும் ஆயுள் உண்டு. 60 வேலை நாளுக்குள், அதாவது சுமார் மூன்று மாதத்துக்குள், உரியவர் சரியான முகவரியைச் சொல்லிக் கேட்காவிட்டால் அதை அழித்துவிடுவார்கள். 2018 ஏப்ரல் முதல் இதுதான் நடைமுறை. அதனால் இணையத்தில் நிலவரம் பார்க்கும்போது 'கார்டு திரும்பி வந்தது' என்று காட்டினால் அன்றைக்கே போன் செய்ய வேண்டும். 'கார்டு தயாராகிறது' என்றால் பொறுக்கலாம். 'அனுப்பப்பட்டது' என்றால் கூடவே தபால் டிராக்கிங் எண் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். 'டெலிவரி ஆனது' என்று காட்டியும் பெட்டியில் இல்லையென்றால், முதலில் பக்கத்து வீட்டிலும் அபார்ட்மென்ட் அலுவலகத்திலும் கேட்டுவிட்டு, டிராக்கிங் எண்ணோடு உள்ளூர்த் தபால் நிலையத்துக்கு நேரில் போங்கள்.

எடுத்தவுடன் ஐ-90 போடுவது

புதுக் கார்டு கேட்கும் படிவம் ஐ-90. 2024 ஏப்ரல் கட்டணப்படி இணையத்தில் 415 டாலர், தாளில் 465 டாலர். முதல் கார்டே இன்னும் அச்சாகாத நிலையில் இதைப் போடுவது வீண் செலவு. சரியான வரிசை இது: 90 நாள் கடந்த பிறகு குடியேற்றத் துறை இணையதளத்தில் 'கார்டு வந்து சேரவில்லை' என்ற விசாரணையைப் பதியுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. ஒரு விசாரணை எண் தருவார்கள். பதில் வந்து, கார்டு அனுப்பப்பட்டுத் தொலைந்தது என்று உறுதியான பிறகே ஐ-90. அதில் 'கார்டு வழங்கப்பட்டது, ஆனால் எனக்குக் கிடைக்கவில்லை' என்ற காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'தொலைந்துவிட்டது' என்பதை அல்ல. கார்டு தபாலில் திரும்பிக் குடியேற்றத் துறைக்கே போயிருந்தால் கட்டணம் கிடையாது. டெலிவரி ஆனதாகப் பதிவாகியிருந்தால் கட்ட வேண்டிவரும். டிராக்கிங் பக்கத்தை அன்றன்றைக்குப் படம் எடுத்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

போனில் கேட்பதென்றால் அமெரிக்காவுக்குள்ளிருந்து 1-800-375-5283. வெளிநாட்டிலிருந்து 212-620-3418, முன்னால் அமெரிக்காவின் நாட்டு எண் 1 சேர்த்துக்கொள்ளுங்கள். திங்கள் முதல் வெள்ளிவரை அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் காலை 8 முதல் இரவு 8 வரை. அவர்களுடைய கோடையில் நமக்கு மாலை ஐந்தரைக்கு ஆரம்பிக்கும், குளிர்காலத்தில் ஆறரைக்கு.

கார்டு வராமல் ஊருக்கு வரக் கூடாது என்றோ, எப்படியும் வந்துவிடலாம் என்றோ நினைப்பது

இரண்டும் தப்பு. விசா தாளில், முத்திரை குத்தியபின் இது ஓராண்டுக்குத் தற்காலிக ஐ-551 ஆகச் செல்லும் என்ற பொருளில் ஒரு வரி அச்சாகியிருக்கும். ஐ-551 என்பது கிரீன் கார்டின் அலுவலகப் பெயர். ஆகவே நுழைவு முத்திரை குத்திய நாளிலிருந்து ஓராண்டுவரை அந்தப் பாஸ்போர்ட்டே கார்டுக்குச் சமம். வேலையில் சேரவும் அதைக் காட்டலாம். ஊருக்கு வந்து திரும்பவும் அதைக் காட்டலாம்.

சிக்கல் எங்கே வருமென்றால் திரும்பிப் போகும்போது, பெங்களூர் விமான நிலையத்தில். விசாவில் அச்சான காலாவதித் தேதி ஆறே மாதத்தில் முடிந்திருக்கும். கவுண்டரில் இருக்கும் ஊழியர் அந்தத் தேதியைப் பார்த்து "விசா முடிந்துவிட்டது" என்று நிறுத்தக்கூடும். அவரிடம் சண்டை போடாமல் அந்த ஓராண்டு வரியையும் அமெரிக்க நுழைவு முத்திரையின் தேதியையும் விரலால் தொட்டுக் காட்டுங்கள்; மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லுங்கள். மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். முதல் தடவை அமெரிக்காவில் இறங்கும்போது முத்திரை தெளிவாக விழுந்ததா என்று கவுண்டரை விட்டு நகர்வதற்குள் பார்ப்பது இதற்காகவும்தான்.

கார்டை அமெரிக்க முகவரிக்கு மட்டுமே அனுப்புவார்கள், கிருஷ்ணகிரிக்கு வராது. மகன் வீட்டுக்கு வந்த கார்டை, ஊருக்கு வரும் சொந்தக்காரர் கையில் கொடுத்தனுப்புவது கூரியரைவிடப் பத்திரம்.

ஓராண்டு முடியப்போகிறது, கார்டும் இல்லை என்றால், அமெரிக்காவில் இருக்கும்போதே போன் செய்து பாஸ்போர்ட்டில் தற்காலிக முத்திரைக்கு ஏற்பாடு கேளுங்கள். 2023 முதல் சிலருக்கு அலுவலகத்துக்கே கூப்பிடாமல், முத்திரையும் புகைப்படமும் உள்ள தாளைத் தபாலிலேயே அனுப்புகிறார்கள். ஊரில் ஓராண்டுக்கு மேல் தங்க வேண்டியிருந்தால் அது வேறு விவகாரம்: மறுநுழைவு அனுமதிக்கு ஐ-131 படிவத்தை அமெரிக்காவில் இருக்கும்போதே போட வேண்டும். விமானம் ஏறிவிட்டு ராயக்கோட்டையிலிருந்து போட முடியாது.

எச்-1பி வேலை விசாவில் இருந்தபடி அப்ரூவல் வாங்கியவர்கள்

அங்கேயே வேலை பார்த்து, அமெரிக்காவுக்குள் இருந்தபடியே கிரீன் கார்டு கேட்கும் ஐ-485 படிவம் அப்ரூவல் ஆனவர்களுக்கு விசா ஒட்டிய தாள் கிடையாது. அப்ரூவல் கடிதம் மட்டும் இருக்கும். கார்டு வருவதற்குள் தங்கை கல்யாணத்துக்குத் தருமபுரி வர வேண்டியிருக்கிறது, பழைய எச்-1பி விசாவைக் காட்டித் திரும்பிவிடலாம் என்று கிளம்பக் கூடாது. அப்ரூவல் ஆன அன்றே அந்த அந்தஸ்து முடிந்துவிட்டது. முன்பு வாங்கிய பயண அனுமதியும் அப்படியே. கிளம்புமுன் பாஸ்போர்ட்டில் தற்காலிக முத்திரை வாங்குங்கள்.

சீக்கிரம் வரவழைக்கிறேன் என்பவரிடம் பணம் கொடுப்பது

இங்கே இருக்கும் எந்த ஏஜென்டாலும் அச்சடிக்கும் வரிசையில் முன்னே தள்ள முடியாது. வாட்ஸ்அப்பில் 'கார்டு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, பணம் அனுப்புங்கள்' என்று வந்தால் மோசடி. கிஃப்ட் கார்டிலோ ஜிபே-யிலோ குடியேற்றத் துறை பணம் வாங்குவதில்லை. இணைய முகவரி '.கவ்' என்ற அரசு முடிவைக் கொண்டதா என்று பாருங்கள்.

விசாரணை பதிந்தும் மாதக்கணக்கில் பதிலே இல்லையென்றால் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. மகன் வசிக்கும் தொகுதியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் அலுவலகத்தில் இதற்கென்றே ஊழியர்கள் உண்டு. ஓட்டுரிமை இல்லாத அப்பா அம்மாவுக்காகவும், அந்தத் தொகுதியில் வசிப்பவர்கள் என்ற முறையில் கேட்கலாம். அவர்கள் தரும் ஒப்புதல் படிவத்தில் கார்டுக்கு உரியவரே கையெழுத்திட வேண்டும். மகன் போட்டால் செல்லாது. பாஸ்போர்ட்டில் போட்டது தமிழ்க் கையெழுத்து என்றால் இங்கேயும் அதையே போடச் சொல்லுங்கள்.